அவர்கள் மேற்கே நடந்தார்கள், நாம் கிழக்கே நடப்போம்



கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போனவர்களின் கதையை நீங்கள் படித்திருப்பீர்கள், திரையிலும் பார்த்திருப்பீர்கள். இன்று நான் சொல்ல வந்தது அந்தக் கதை அன்று. தங்கத்தைத் தேடிப் போனவர்களை அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் இன்று எப்படித் தேடுகிறார்கள் என்ற கதை. அந்த மனிதர்கள் ஆற்று மணலை அலசிப் பொன் துகளைத் தேடினார்கள். இந்தப் பிள்ளைகள் பழைய தாள்களை அலசி ஒரு பெயரைத் தேடுகிறார்கள். இரண்டில் எது கடினம்? பேச்சு முடியும்போது நீங்களே சொல்லுங்கள்.

முதலில் அந்த நாளுக்குப் போவோம். 1848 ஜனவரி 24. கொலோமா என்னும் இடத்தில், அமெரிக்கன் ஆற்றின் தென்கிளைக் கரையில், ஜான் சட்டர் என்பவருக்காக மரம் அறுக்கும் ஆலை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலையை மேற்பார்த்த தச்சர் ஜேம்ஸ் மார்ஷல், ஆலை வாய்க்காலில் ஏதோ மினுங்குவதைக் கண்டு குனிந்து எடுத்தார். குனிந்தவர் ஒருவர். அவர் குனிந்ததால் நிமிர்ந்து பார்த்ததோ உலகம் முழுவதும்! அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் போல்க், தங்கம் கிடைத்தது உண்மைதான் என்று நாடாளுமன்றத்துக்கு அறிவித்தார். 1849 பிறந்தது. ஊர் ஊராக ஆட்கள் கிளம்பினார்கள். 1855-க்குள் ஏறத்தாழ 3 லட்சம் பேர் கலிபோர்னியாவில் வந்து இறங்கினார்கள்.

எப்படி வந்தார்கள்? ஏறத்தாழப் பாதிப் பேர் கடல் வழியே வந்தார்கள். தென் அமெரிக்காவின் கேப் ஹார்ன் முனையைச் சுற்றி வந்தவர்கள் உண்டு, பனாமாவின் காடும் சேறும் தாண்டி வேறு கப்பல் ஏறியவர்கள் உண்டு. மற்றவர்கள் வந்தது தரை வழியே, கூண்டு வண்டியில்.

வண்டியில் என்று சொன்னேன், திருத்திக்கொள்கிறேன். வண்டியோடு நடந்து வந்தார்கள். வண்டியில் மாவு மூட்டையும் பன்றி இறைச்சியும் கருவிகளும் ஏறியிருக்கும். மாடுகளுக்குப் பாரம் கூடக் கூடாதே என்று மனிதர்கள் இறங்கி நடந்தார்கள். மிசௌரி ஆற்றங்கரையில் இண்டிபெண்டன்ஸ், செயின்ட் ஜோசப் போன்ற ஊர்களில் கிளம்பினால் சுமார் 3,200 கிலோமீட்டர். நான்கு மாதம் முதல் ஆறு மாதம். வசந்தத்தில் புல் முளைக்கும் முன் கிளம்பினால் மாட்டுக்குத் தீனி இல்லை. தாமதமாகக் கிளம்பினால் சியரா நெவாடா மலையில் பனி மூடிவிடும். இடையில் காலரா. காலையில் வண்டி பூட்டியவரை மாலையில் வழியோரம் புதைத்துவிட்டு மறுநாள் நடந்த குடும்பங்கள் ஏராளம். பட்ட பாட்டையெல்லாம் அந்த மக்கள் ஒரே வரியில் சொன்னார்கள்: யானையைப் பார்த்துவிட்டேன் என்று! நமக்கு யானை கோயில் வாசலில் நிற்கும் செல்லம். அவர்களுக்கோ அது, இதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்ல வைக்கும் துயரத்தின் பெயர்.

அன்பர்களே, இந்தப் பாதையை மனத்தில் வையுங்கள். அவர்கள் கிழக்கிலிருந்து மேற்கே நடந்தார்கள். அவர்களைத் தேடும் பேரப்பிள்ளை எந்தத் திசையில் நடக்க வேண்டும்? மேற்கிலிருந்து கிழக்கே. தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு, பேரனிலிருந்து பாட்டனுக்கு. அவர்கள் மேற்கே நடந்தார்கள், நாம் கிழக்கே நடக்க வேண்டும். வம்சாவளி தேடும் கலையின் முதல் பாடம் இது. நடுவில் ஒரு படியைத் தாண்டிக் குதித்தீர்களானால் வேறு யாருடைய தாத்தாவையோ உங்கள் தாத்தா என்று கும்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

சரி, முதல் அடி எங்கே? ஆவணக் காப்பகத்திலா? இல்லை. வீட்டுத் திண்ணையில். உயிரோடு இருக்கும் மூத்தவர் பக்கத்தில்.

லூசீனா ஸ்டான்லி வில்சன் என்ற அம்மையாரின் கதையைக் கேளுங்கள். 1849-இல் கணவரோடும் இரண்டு சிறு மகன்களோடும் மிசௌரியிலிருந்து நடந்து வந்தவர். சேக்ரமெண்டோவை நெருங்கிய ஒரு மாலை, திறந்த வெளியில் அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கிறார். மணம் பிடித்து ஒருவர் வந்து நிற்கிறார். ரொட்டிக்கு 5 டாலர் தருகிறேன் என்கிறார். அம்மையாருக்குக் காதை நம்ப முடியவில்லை, பேச்சு வராமல் பார்க்கிறார். அந்த மனிதர், விலை போதவில்லை போலும் என்று எண்ணி, 10 டாலராக உயர்த்திப் பொற்காசைக் கையில் வைக்கிறார்! ஒரு பெண் கையால் செய்த உணவுக்கு அங்கே அவ்வளவு ஏக்கம். பிறகு நெவாடா சிட்டியில் பலகையைப் போட்டு உணவு விடுதி தொடங்கினார். மண்வெட்டி எடுத்தவர்கள் பலர் வெறுங்கையோடு திரும்பிய ஊரில், கரண்டி எடுத்தவர் நிமிர்ந்து நின்றார்.

இந்தக் கதை நமக்கு எப்படிக் கிடைத்தது? 1881-இல் அவருடைய மகள், அம்மா சொல்லச் சொல்ல உட்கார்ந்து எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான். அந்த மகள் கேட்காமல் விட்டிருந்தால்? ரொட்டி சுட்ட அந்த அடுப்பு வரலாற்றிலிருந்து அணைந்தே போயிருக்கும். ஆகவே முதல் கடமை, கேட்பது.

கேட்டதை அப்படியே நம்பலாமா? அங்கேதான் கவனம் வேண்டும். மூன்று சகோதரர்கள் சேர்ந்து வந்தார்கள், ஒருவர் வடக்கே போனார், ஒருவர் தெற்கே போனார், ஒருவர் காணாமல் போனார் என்ற கதை அமெரிக்காவில் எத்தனையோ குடும்பங்களில் உண்டு. இவ்வளவு குடும்பங்களிலும் சரியாக மூன்றே சகோதரர்களா? குடும்பக் கதை ஒரு கைகாட்டி மரம். திசை காட்டும். ஆனால் கைகாட்டி மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றால் ஊர் வந்து சேராது. நடக்க வேண்டும்.

நடப்போம். இரண்டாவது அடி, மக்கள்தொகைக் கணக்கேடு.

1850-க்கு முன் அமெரிக்கக் கணக்கேட்டில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும் இருக்கும். மனைவி, மக்கள் எல்லோரும் வெறும் எண்ணிக்கை. 1850-இல்தான் சுதந்திர மனிதர் ஒவ்வொருவரின் பெயரும் ஏறியது. பெயர், வயது, தொழில், பிறந்த மாநிலம். கலிபோர்னியா தங்க வயல்களின் ஏட்டைத் திறந்தால் என்ன தெரியும்? இருபது வயது, முப்பது வயது ஆண்கள். தொழில் என்ற பத்தியில் சுரங்கத் தொழிலாளி, அதன் கீழே சுரங்கத் தொழிலாளி, அதற்கும் கீழே சுரங்கத் தொழிலாளி. பக்கம் பக்கமாக அதே சொல். பெண் பெயர் வந்தால் கண் தானாக நிற்கும். ஒரே கூடாரத்தில் நான்கு பேர் இருந்தால் அண்ணன் தம்பியா, ஊர்க்காரரா, யாரோ எவரோ என்று சொல்ல வழியில்லை. உறவுமுறை எழுதும் பத்தி 1880-இல்தான் வந்தது.

1852-இல் கலிபோர்னியா மாநிலம் தானே ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அந்த மாநிலம் நடத்திய ஒரே கணக்கெடுப்பு அதுதான். அதில் ஒரு பத்தி தேடுவோருக்குப் பெரும் புதையல்: கடைசியாகக் குடியிருந்த இடம். எங்கே பிறந்தார் என்பது மட்டும் போதாது. நியூயார்க்கில் பிறந்தவர் இல்லினாயிலிருந்து கிளம்பியிருக்கலாம். எந்த மண்ணிலிருந்து கிளம்பினார் என்று சொல்கிற அந்த ஒற்றைச் சொல், கிழக்கே போகும் கதவைத் திறந்துவிடுகிறது.

இன்னொரு நுட்பம் சொல்கிறேன். அதற்கு உங்கள் கண் முன்னே ஒரு வீட்டைக் கட்டிக் காட்டுகிறேன். 1860 கணக்கேட்டில் கலிபோர்னியாவில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவனுக்கு வயது 20, பிறந்தது ஒஹையோ. அடுத்தவளுக்கு 17, இல்லினாய். அதற்கடுத்தவனுக்கு 12, மிசௌரி. கடைக்குட்டிக்கு 8, கலிபோர்னியா. தந்தை வாய் திறக்கவில்லை, தாய் ஒரு கடிதமும் விட்டுச் செல்லவில்லை. ஆனால் நான்கு பிள்ளைகளும் வரிசையாக நின்று வழி சொல்கிறார்கள்! ஒஹையோ, இல்லினாய், மிசௌரி, கலிபோர்னியா. மூன்றாவது பிள்ளை பிறந்தது 1848 வாக்கில், நான்காவது 1852 வாக்கில். அந்த நான்கு ஆண்டுக்குள்தான் வண்டி பூட்டியிருக்கிறார்கள். தொட்டில்களைத் தொடர்ந்து போனால் வண்டித் தடம் தெரியும் என்பது இதுதான்.

பெயரைத் தேடும்போது இன்னொரு இடர். கணக்கெடுப்பாளர் காதில் விழுந்ததை எழுதினார். ஒரே மனிதர் ஓர் ஏட்டில் ஸ்மித், மற்றோர் ஏட்டில் ஸ்மைத். எழுத்தைத் தேடினால் ஆள் கிடைக்கமாட்டார், ஒலியைத் தேட வேண்டும். இதற்காகவே 1918-இல் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் சவுண்டெக்ஸ் என்ற முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஒலி ஒத்த பெயர்களை ஒரே குறியீட்டின் கீழ் அடுக்கும் முறை. பழைய கணக்கேடுகளுக்குப் பெயரடைவு தயாரிக்க அதுவே கைகொடுத்தது.

சரி, ஏடு இருந்தால் தேடலாம். ஏடே இல்லையென்றால்?

நண்பர்களே, தேடுவோரின் பெரும் பகை நெருப்பு. 1850 கணக்கேட்டில் சான்பிரான்சிஸ்கோ, சான்டா கிளாரா, கான்ட்ரா கோஸ்டா ஆகிய மூன்று வட்டாரங்களின் தாள்கள் இல்லாமலே போயின. 1906 ஏப்ரல் 18 அன்று நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் சான்பிரான்சிஸ்கோவின் ஆவணங்களைச் சாம்பலாக்கின. 1890-ஆம் ஆண்டுக் கணக்கேட்டின் பெரும்பகுதி 1921-இல் வாஷிங்டனில் நேர்ந்த தீவிபத்தோடு போயிற்று. 1880 ஏட்டை மூடினால் அடுத்து 1900-தான். இருபது ஆண்டு இருட்டு.

அந்த இருட்டில் உட்கார்ந்து அழுவதா? இல்லை, வேறு வாசல் தட்டுவது. கப்பல் பயணிகள் பட்டியல் எரிந்ததா? கப்பல் வந்த செய்தியைப் பயணிகள் பெயரோடு அச்சிட்ட நாளிதழ்கள் இருக்கின்றன. லூயி ராஸ்முசன் என்ற ஆய்வாளர் பழைய செய்தித்தாள்களிலிருந்து பெயர்களைத் திரட்டிப் பட்டியலைப் பல தொகுதிகளாக மீட்டெடுத்தார். அஞ்சல் நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடந்த கடிதங்களின் பட்டியலையும் நாளிதழ்கள் வெளியிட்டன. கடிதம் வாங்க வராதவர் பெயர்கூட ஒரு தடயம். வீட்டில் யாரோ அவரை நினைத்து எழுதியிருக்கிறார்கள் அல்லவா?

கலிபோர்னியாவில் 1866 முதல் வாக்காளர் பேரேடுகள் உண்டு. 1890-களின் பேரேடுகளில் வாக்காளரின் உயரம், கண்ணின் நிறம், முடியின் நிறம், உடம்பில் தெரியும் தழும்புகூட எழுதப்பட்டிருக்கிறது. இருபது வயதில் தங்கத்துக்காக நடந்து வந்தவருக்கு அப்போது அறுபதைத் தாண்டியிருக்கும். நிழற்படமே இல்லாத ஒரு பாட்டன். திடீரென்று ஒரு வரியில் நீலக் கண், நரைத்த முடி, இடது கையில் ஒரு விரல் இல்லை என்று எழுதியிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு எப்படி இருக்கும்! பெயராக இருந்தவர் ஒரு நொடியில் ஆளாகி எழுந்து நிற்பார்.

தாள் மட்டும்தான் சாட்சியா? கல்லும் சாட்சி. வயோமிங்கில் இண்டிபெண்டன்ஸ் பாறை என்று ஒரு பெரிய கருங்கல் குன்று. ஜூலை 4-ஆம் நாளுக்குள் அதை எட்டிவிட வேண்டும், எட்டாவிட்டால் மலையில் பனியில் மாட்டிக்கொள்வோம் என்பது வண்டிக்காரர்களின் கணக்கு. எட்டியவர்கள் மகிழ்ச்சியில் பெயரைப் பாறையில் செதுக்கினார்கள். உளி இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? வண்டி மை! அச்சில் பூச வைத்திருந்த தாரும் கொழுப்பும் கலந்த கறுப்பு மையை விரலில் தொட்டு எழுதினார்கள். ஐடாஹோவில் பாறை நகரம் என்றே பெயர் பெற்ற இடத்தில், அப்படி எழுதிய பெயர்களை இன்றும் படிக்கலாம். சக்கரம் உருள வைத்திருந்த மை, பெயர் நிலைக்க உதவியது. அந்த எழுத்தின் முன் நிற்கும் பேத்திக்கு வேறு சான்று எதற்கு? ஆனால் அங்கும் கவனம்: அதே பெயரில் வேறொருவர் வந்திருக்கலாம். கல்லைத் தாளோடும், தாளைக் கதையோடும் ஒத்துப் பார்த்த பிறகே உறுதி.

அன்பர்களே, இப்போது இந்தப் பேச்சின் நடுப்புள்ளிக்கு வருகிறேன். தங்கம் தேடிப் போனவர் பற்றிய மிகச் சிறந்த சான்று எங்கே கிடைக்கிறது தெரியுமா? அவர் போன இடத்தில் குறைவு. அவர் விட்டுப்போன வீட்டில் அதிகம்!

வில்லியம் ஸ்வெய்ன் என்பவர் நியூயார்க் மாநிலத்தில் யங்ஸ்டவுன் என்ற ஊரின் உழவர். 1849 ஏப்ரலில் மனைவி சப்ரினாவையும் கைக்குழந்தையையும் அண்ணன் ஜார்ஜிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார். மிச்சிகனிலிருந்து வந்த உல்வரீன் ரேஞ்சர்ஸ் என்ற கூட்டத்தோடு சேர்ந்து நடந்தார். வழியெல்லாம் நாட்குறிப்பு எழுதினார், வீட்டுக்குக் கடிதம் எழுதினார். சப்ரினாவும் எழுதினார். பிரிவு தாங்கவில்லை என்று எழுதினார், போகச் சம்மதித்ததை எண்ணி வருந்தி எழுதினார். கடிதங்கள் ஒன்றையொன்று தேடி அலைந்தன. கலிபோர்னியாவில் தண்ணீரில் நின்று மண்ணை அலசியும் எதிர்பார்த்த செல்வம் கிட்டாமல், 1851 தொடக்கத்தில் ஸ்வெய்ன் வீடு திரும்பினார். அவர் கொண்டுவந்த தங்கம் எப்போதோ செலவாகியிருக்கும். அந்த நாட்குறிப்பும் இருபுறக் கடிதங்களும் இருக்கின்றன! ஜே. எஸ். ஹாலிடே என்ற வரலாற்றாசிரியர் அவற்றை மையமாக வைத்து எழுதிய பெருநூல் 1981-இல் வெளிவந்தது.

இது என்ன சொல்கிறது? போனவர் கூடாரத்தில் இருந்தார். கூடாரத்தில் பரண் கிடையாது. காத்திருந்தவருக்கு வீடு இருந்தது, பெட்டி இருந்தது, கடிதத்தை மடித்து வைக்க மனம் இருந்தது. வரலாறு போனவரைப் பாடியது. காத்திருந்தவரோ வரலாற்றைக் காப்பாற்றிக் கொடுத்தார். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: அவர்கள் மேற்கே நடந்தார்கள், நாம் கிழக்கே நடக்க வேண்டும். புறப்பட்ட வீட்டின் கதவைத் தட்டும் வரை தேடல் முடியாது.

ஆனால் எல்லோருக்கும் தட்ட ஒரு கதவு இருந்ததா? இல்லையே!

கொலோமா என்ற பெயரே அங்கு வாழ்ந்த நிசெனான் பழங்குடி மக்களின் ஊர்ப்பெயர். மற்றவர்கள் புதிய நாடு என்று வந்தது அவர்களுடைய பழைய வீட்டுக்குள். 1848-இல் கலிபோர்னியாவின் பழங்குடி மக்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர் என்பது மதிப்பீடு. 1870 அளவில் சுமார் 30,000. நோயும் பசியும் கொலையும் சேர்ந்து செய்த கொடுமை. 1850 கணக்கேடு வரி கட்டாத பழங்குடியினரை எண்ணவே இல்லை. தன் முன்னோடிப் பாட்டனைப் பெருமையோடு தேடுகிறவர், அந்தப் பாட்டன் கூடாரம் அடித்த மண் யாருடையது என்றும் கேட்க வேண்டும். பாதிக் கேள்வி கேட்டால் பாதிப் பாட்டன்தான் கிடைப்பார்.

பசிபிக்கைக் கடந்து தென் சீனத்திலிருந்து வந்தவர்களை எண்ணிப் பாருங்கள். 1852-இல் மட்டும் சுமார் 20,000 பேர் வந்தார்கள். தங்கமலை என்று அந்த நாட்டுக்குப் பெயரிட்டு வந்தவர்கள். அயல்நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் வரி அவர்கள் தலையில் விழுந்தது. கணக்கெடுப்பாளர் பலரையும் ‘ஆ’ என்று தொடங்கி எழுதிவைத்தார். அது பெயரே அன்று, பெயருக்கு முன் செல்லமாகச் சேர்க்கும் ஒலி. கூப்பிடும் ஒலி ஏட்டில் ஏறியது, குலப்பெயர் விட்டுப்போயிற்று. அந்தப் பேரப்பிள்ளைகள் கடல் தாண்டி, சொந்தக் கிராமத்தின் வம்ச ஏட்டில் போய்த் தேட வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒரு தாயின் கதை. அதோடு விடைபெறுகிறேன்.

நான்சி கூச். கறுப்பின அடிமைப் பெண். 1849-இல் எசமானர் அவரை மிசௌரியிலிருந்து கொலோமாவுக்கு அழைத்து வந்தார். நான்சி தங்கம் தேடி வரவில்லை. தங்கம் தேடியவர் கொண்டுவந்தார். சின்ன மகன் ஆண்ட்ரூவை மிசௌரியிலேயே விட்டு வரவேண்டியதாயிற்று. 1850-இல் கலிபோர்னியா அடிமைமுறை இல்லாத மாநிலமாகச் சேர்ந்தபோது நான்சிக்கு விடுதலை கிடைத்தது. மகனுக்கு? மிசௌரி அடிமை மாநிலம். அங்கே 1850-இன் அடிமைகள் ஏட்டில் எசமானர் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, பால், நிறம். பெயர் இருக்காது. கடலளவு ஏட்டைப் புரட்டினாலும் ஒரு தாய் தன் பிள்ளையின் பெயரைக் காண முடியாது. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் எல்லோர் பெயரும் கூட்டரசுக் கணக்கேட்டில் ஏறியது 1870-இல்தான்.

நான்சி என்ன செய்தார்? சுரங்கத் தொழிலாளிகளின் துணியைத் துவைத்தார், கிழிந்ததைத் தைத்தார், சோறு சமைத்தார். காசு காசாகச் சேர்த்தார். ஓராண்டா, ஈராண்டா? இருபது ஆண்டு அளவுக்கு! உள்நாட்டுப் போர் முடிந்தது, அடிமைமுறை ஒழிந்தது. சேர்த்த பணத்தை அனுப்பி, மகனையும் மருமகளையும் பேரப்பிள்ளைகளையும் மிசௌரியிலிருந்து வரவழைத்துக்கொண்டார். மன்ரோ குடும்பம் என்று பெயர் பெற்ற அந்த வீட்டார் கொலோமாவில் நிலம் வாங்கினார்கள், பழத்தோட்டம் வைத்தார்கள். அவர்கள் பின்னாளில் வாங்கிய நிலத்தில் ஒரு துண்டு எது தெரியுமா? ஜேம்ஸ் மார்ஷல் குனிந்து தங்கம் எடுத்தாரே, அதே இடம்!

நான் பேச்சின் தொடக்கத்தில் ஒரு கேள்வி கேட்டேன். பொன் துகளைத் தேடுவது கடினமா, ஒரு பெயரைத் தேடுவது கடினமா? நான்சி கூச்சைக் கேட்டால் சொல்லியிருப்பார். எத்தனையோ பேர் மேற்கே பார்த்து நின்றபோது, மேற்கே நின்றுகொண்டு கிழக்கே பார்த்துத் தேடியவர் அவர். ஏட்டில் பெயர் எழுதப்படாத பிள்ளையை, பெயர் மறக்காத தாய் தேடிக் கண்டெடுத்தார். இன்று ஏடு புரட்டும் பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவரும் நடப்பது அவர் காட்டிய வழியில்தான்.